ஆண்கள் பத்திரிகைகள்: துணிக்கடையில் பிறந்தவை எப்படி வளர்ந்தன, ஏன் சரிந்தன?

அச்சுமை

போன வாரம் பரண் ஒழிக்கும்போது 1968 ஏப்ரல் மாத எஸ்குவயர் இதழ் ஒன்று கிடைத்தது. 80-களின் நடுவில் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில் வாங்கியது. அட்டையில் முகமது அலி வெற்று மார்போடு நிற்கிறார், உடம்பெல்லாம் அம்பு. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காக அவருடைய பட்டத்தைப் பறித்திருந்த நேரம் அது. கிறிஸ்தவ ஓவியங்களில் வரும் புனித செபஸ்தியாரைப் போல நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். முஸ்லிமான தான் கிறிஸ்தவப் புனிதராக நிற்கலாமா என்று அலிக்குத் தயக்கம். தன் மதத் தலைவர் எலைஜா முகமதுவுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் நின்றார். அட்டையை வடிவமைத்தவர் ஜார்ஜ் லோயிஸ். முப்பது வருடம் லேஅவுட் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல அட்டையை நான் பார்த்ததில்லை.

மருமகனிடம் காட்டி, "இது ஒரு ஆண்கள் பத்திரிகை" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆண்கள் பத்திரிகை என்றால் நடுப்பக்க நிர்வாணப் படம்தான் என்று இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால்தான் இந்த இழை.

இந்தப் பத்திரிகைகளின் வேர் படுக்கையறையில் இல்லை, துணிக்கடையில் இருக்கிறது. 1931-ல் அமெரிக்காவில் 'அப்பேரல் ஆர்ட்ஸ்' என்று ஒரு தொழில் இதழ் வந்தது. ஆண்கள் உடை விற்கும் கடைக்காரர்களுக்கானது. பெரிய அளவுத் தாள், உள்ளே துணி மாதிரிகளையே ஒட்டித் தருவார்கள். கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அப்படியானால் வாடிக்கையாளருக்கென்றே ஒன்று போடலாமே என்று அதே ஆட்கள், டேவிட் ஸ்மார்ட்டும் ஆசிரியர் ஆர்னால்ட் கிங்ரிச்சும், 1933 இலையுதிர் காலத்தில் எஸ்குவயரைக் கொண்டுவந்தார்கள்.

அது பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த வருடம். மற்ற பத்திரிகைகள் 5 சென்ட், 10 சென்ட் விற்றபோது இது 50 சென்ட். முதல் இதழ் ஏறக்குறைய 1,05,000 பிரதிகள். அதில் 1 லட்சம் துணிக்கடைகளுக்கு, வெறும் 5,000 மட்டும் பத்திரிகைக் கடைகளுக்கு. அந்த 5,000 உடனே தீர்ந்துபோய், துணிக்கடைகளுக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்கிப் பத்திரிகைக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் தீர்ந்தது? முதல் இதழிலேயே ஹெமிங்வே கியூபாவில் மீன் பிடித்ததைப் பற்றி எழுதியிருந்தார். துப்பறியும் கதை எழுத்தாளர் டாஷியல் ஹாம்மெட் இருந்தார். கிங்ரிச்சின் கணக்கு இதுதான்: உடை, மது, படம் என்று மட்டும் போட்டால் இது சொகுசுப் பையன்கள் வாங்குகிற சமாச்சாரம் என்று ஆண்கள் கூச்சப்படுவார்கள், நல்ல எழுத்து இருந்தால் தைரியமாகக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். எழுத்து இந்தப் பத்திரிகைக்கு ஒரு மறைப்பாகத்தான் வந்தது. அந்த மறைப்புதான் அமெரிக்க இலக்கியத்துக்குப் பெரிய மேடையாகிவிட்டது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கடன்பட்டு, குடித்து, எல்லோராலும் கைவிடப்பட்ட கடைசி வருடங்களில் கதைக்கு 250 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது இந்தப் பத்திரிகைதான்.

அப்பேரல் ஆர்ட்ஸ்தான் பிறகு 1957-ல் ஜென்டில்மென்ஸ் குவார்ட்டர்லி ஆனது, இன்றைய ஜிக்யூ. பிரிட்டனில் 1985-ல் வந்த எஃப்ஹெச்எம் என்ற ஆண்கள் பத்திரிகையும் முதலில் ஆண்கள் துணிக்கடைகளில் வைத்துத்தான் விற்கப்பட்டது.

என் கருத்து: எழுத்தை நம்பியவை பிழைத்தன, படத்தை மட்டும் நம்பியவை செத்தன. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கணியன்93

ஐயா, அருமையான தகவல்கள். ஆனால் ஒரு சந்தேகம். இணையம் வந்தது, படம் இலவசமாகக் கிடைத்தது, பத்திரிகைகள் போயின. இதுதானே முழுக்கதை? எழுத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிளேபாய்கூட நல்ல எழுத்துக்குப் பேர்போனது என்கிறார்களே, அது ஏன் விழுந்தது?

அச்சுமை

தம்பி, பிளேபாய் இணையத்துக்கு வெகுகாலம் முன்பே சறுக்க ஆரம்பித்துவிட்டது. அதன் உச்சம் 1972 நவம்பர். அந்த ஒரு இதழ் மட்டும் 71 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதற்கப்புறம் அந்த எண்ணை அது எட்டவே இல்லை.

ஹியூ ஹெஃப்னர் எஸ்குவயரில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். 5 டாலர் சம்பள உயர்வு கேட்டார், தரவில்லை, வெளியே வந்துவிட்டார். 1953 டிசம்பரில் முதல் இதழ். இரண்டாவது வருமோ என்று தெரியாததால் அட்டையில் தேதியே போடவில்லை. ஒரு காலண்டர் கம்பெனி வைத்திருந்த மர்லின் மன்றோவின் பழைய படத்தை 500 டாலருக்கு வாங்கிப் போட்டார். 50,000-க்கும் மேல் விற்றது. மர்லினுக்குப் புகைப்படம் எடுத்த அன்று கிடைத்த 50 டாலரோடு சரி. அவருடைய அனுமதியை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடமே ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' மூன்று இதழ்களில் வந்தது. 1962-ல் நேர்காணல் பகுதி தொடங்கியது. முதல் ஆள் ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ், கேள்வி கேட்டவர் அலெக்ஸ் ஹேலி. 1965-ல் மார்ட்டின் லூதர் கிங். எழுத்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் 1969-ல் பென்ட்ஹவுஸ் என்ற போட்டிப் பத்திரிகை அமெரிக்காவுக்கு வந்தது. அது ஒரு படி கூடுதலாகக் காட்டியது, பிளேபாயும் போட்டிக்கு இறங்கியது. பிறகு வீடியோ கேசட். 1986-ல் செவன் லெவன் என்ற சங்கிலிக் கடை நிறுவனம் தான் நேரடியாக நடத்திய கடைகளிலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டது. படத்தில் போட்டி போட ஆரம்பித்தால் எப்போதும் இன்னொருவன் உங்களைவிட ஒரு படி மேலே போவான். 2015-ல் விற்பனை 8 லட்சத்துக்கு வந்துவிட்டது. 2016-ல் நிர்வாணப் படங்களே வேண்டாம் என்றார்கள், மறு வருடமே திரும்பக் கொண்டுவந்தார்கள். 2020-ல் தவறாமல் வந்துகொண்டிருந்த அச்சு இதழ் நின்றது. அண்மையில் மறுபடியும் அச்சில் போட்டிருக்கிறார்கள், ஆனால் அது பழைய பிளேபாய் இல்லை.

லூயிஷம்_கடை

அண்ணை, வணக்கம். நான் யாழ்ப்பாணம், லண்டனின் தென்கிழக்கில் 17 வருசம் பேப்பர் கடை வைத்திருந்தவன். எங்கட சனம் நிறையப் பேர் அந்தத் தொழிலில்தான் இருந்தோம். காலமை 4 மணிக்குப் பேப்பர் கட்டுகள் வாசலில் கிடக்கும். அதைப் பிரித்து, எண்ணி, தட்டில் அடுக்கிய கை இது. நீங்கள் எழுத்தாளர்களின் பக்கத்திலிருந்து சொன்னதை நான் தட்டின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களிடம் 'மேல்தட்டு' என்று ஒன்று உண்டு. பிளேபாய், பென்ட்ஹவுஸ் எல்லாம் பிள்ளைகளுக்குக் கை எட்டாத உயரத்தில். அதை வாங்குகிறவர் பேப்பருக்குள் மடித்து, முகம் பார்க்காமல் காசு தருவார். 1994-ல் லோடட் என்ற ஆண்கள் பத்திரிகை வந்தது. அது கண் உயரத் தட்டில், கார்ப் பத்திரிகைக்கும் கால்பந்துப் பத்திரிகைக்கும் நடுவில் நின்றது. முதல் அட்டையில் நடிகர் கேரி ஓல்ட்மன், பெண் இல்லை. பொடியள் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். கால்பந்து, பாட்டு, குடி, பகிடி, கொஞ்சம் நல்ல கட்டுரை. ஆசிரியர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டுப் பத்திரிகையிலிருந்து வந்தவர். அதே வருசம் ஈமேப் நிறுவனம் எஃப்ஹெச்எம்மை வாங்கி அட்டையில் நடிகைகளைப் போட ஆரம்பித்தது. 90-களின் கடைசியில் எஃப்ஹெச்எம் மாதம் 7 லட்சத்துக்கு மேல் போனது. மாதம் பிறந்தால் கட்டைத் தூக்கவே முதுகு நோகும்.

பிறகு 2004 ஜனவரியில் நட்ஸ், ஸூ என்று இரண்டு வாரப் பத்திரிகை. அங்கேதான் எல்லாம் கெட்டது என்று நான் நினைக்கிறேன். விலை குறைவு, படம் கூட, வாசிக்க ஒன்றும் இல்லை. மாத இதழ் வாங்கின பொடியன் வார இதழுக்குப் போனான். வார இதழ் வாங்கினவன் கைத்தொலைபேசிக்குப் போனான். 2007-ல் ஷார்ட்லிஸ்ட் என்று ஆண்களுக்கான இதழ் ஒன்றை ரயில் நிலைய வாசலில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள், 5 லட்சம் பிரதி. ஸ்ரேஷனில் சும்மா கிடைக்கிறதை என் கடையில் யார் காசு கொடுத்து வாங்குவான்?

ரிட்டர்ன் கட்டுவது பெரிய தலையிடி. விற்காத காப்பிகளை எண்ணி, சீட்டு எழுதி, கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு தடவை ஒரு மொத்த விநியோகக்காரர் 60 காப்பிகள் வந்து சேரவில்லை என்று சாதித்தார்கள். அந்தக் காசு எனக்குக் கடைசிவரை வரவில்லை. 2014-ல் நட்ஸ், 2015-ல் லோடட், அந்த வருசக் கடைசியில் எஃப்ஹெச்எம்மும் ஸூவும் அறிவித்துவிட்டுப் போனார்கள். நட்ஸ் போகும்போது 50,000 சொச்சம்தான் விற்றது.

மாலைவெயில்

இந்த இழையில் ஒரு பெண்ணின் குரலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். 2000-களின் நடுவில் இங்கிலாந்தில் படித்தபோது ஒரு பல்பொருள் அங்காடியில் பகுதி நேர வேலை பார்த்தேன். பத்திரிகைத் தட்டு என் பொறுப்பு. லூயிஷம் அண்ணா சொல்லும் அதே கண் உயரத் தட்டு. என் கண்ணும் அதே உயரத்தில்தானே இருந்தது. வாரா வாரம் அந்த அட்டைகளை நான் அடுக்குவேன், ஆண்கள் என் பக்கத்தில் நின்று புரட்டுவார்கள், சிலர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "வேலை அப்படித்தான்" என்றார். அப்போது எனக்கு 21 வயது.

அதனால் 2013-ல் 'லூஸ் த லாட்ஸ் மேக்ஸ்' (இளவட்ட ஆண்களுக்கான இந்த 'லாட்ஸ்' இதழ்களை அகற்றுங்கள்) என்ற இயக்கம் தொடங்கியபோது செய்தியை வரி விடாமல் படித்தேன். ஒழுக்கம் கெடுகிறது என்று அவர்கள் பேசவில்லை. 2010-ன் சமத்துவச் சட்டப்படி, இந்த அட்டைகளைக் கையாளவும் காட்சிக்கு வைக்கவும் ஊழியர்களைக் கட்டாயப்படுத்துவது பாலியல் துன்புறுத்தல் ஆகலாம் என்று வழக்கறிஞர்களை வைத்துச் சொன்னார்கள். நான் அந்தத் தட்டின் முன் நின்று உணர்ந்ததற்கு ஒரு சட்டச் சொல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோஆப் என்ற பல்பொருள் அங்காடிக் கடைகள் இந்த இதழ்களை உறைபோட்டு மூடி அனுப்பச் சொன்னார்கள். நட்ஸ் முடியாது என்று அந்தக் கடைகளிலிருந்தே விலகிக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் பத்திரிகையே இல்லை.

இயக்கம்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. விற்பனை ஏற்கெனவே விழுந்திருந்தது. ஆனால் 'இணையம் வந்தது, போய்விட்டது' என்று மட்டும் சொன்னால், எங்களைப் போன்றவர்கள் சொன்ன எதிர்ப்பு வரலாற்றிலிருந்து மறைந்துபோகும். 1963-லேயே பத்திரிகையாளர் குளோரியா ஸ்டைனம் பிளேபாய் கிளப்பில் பணிப்பெண்ணாக ரகசியமாகச் சேர்ந்து, அங்கே பெண்களின் சம்பளமும் கால் வலியும் எப்படி இருந்தன என்று எழுதினார். அதையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும்.

அச்சுமை சார், எஸ்குவயரைப் பற்றி எனக்கு வேறு எண்ணம் உண்டு. டோரதி பார்க்கர் 50-களின் கடைசியிலிருந்து அங்கே புத்தக விமர்சனம் எழுதினார். 72-லிருந்து நோரா எஃப்ரான் பெண்களைப் பற்றியே ஒரு பத்தி எழுதினார். ஆண்கள் பத்திரிகைக்குள் அப்படி ஒரு இடம் இருந்திருக்கிறது. பிறகு வந்த லாட்ஸ் இதழ்களில் அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை.

லூயிஷம்_கடை

தங்கச்சி, நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். என் கடையில் பின்னேரம் நின்றது என் மனுசிதான். ஒருநாளும் நான் அவவிடம் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டதில்லை. நேற்று இரவு கேட்டேன். "உங்களுக்கு இப்பதான் கேக்கத் தோன்றினதோ" என்றா. நட்ஸும் ஸூவும் வரும் நாளில் அவ அதை மற்றப் பத்திரிகைக்குப் பின்னால் வைப்பாவாம். நான் வந்து முன்னால் எடுத்து வைப்பேனாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

பழையபிரதி

நம் ஊர்க் கதையும் கொஞ்சம். பிளேபாயை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை. அந்த இடத்தில் 70-களில் வந்ததுதான் பம்பாயின் டெபொனேர், ஆங்கிலத்தில். 1974-ல் வினோத் மேத்தா ஆசிரியரானார். பின்னாளில் அவுட்லுக் வார இதழைத் தொடங்கி நடத்திய அதே மேத்தா. நடுப்பக்கம் இருந்தது, கூடவே அரசியல் நேர்காணலும் ஆங்கிலக் கவிதையும் இருந்தன. கவிதைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் கவிஞர் இம்தியாஸ் தார்க்கர். வாஜ்பாயி ஒருமுறை, பத்திரிகை நன்றாக இருக்கிறது, ஆனால் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டியிருக்கிறதே என்று தன்னிடம் சொன்னதாக மேத்தா எழுதியிருக்கிறார்.

சென்னையில் அதை சலூனில்தான் பார்க்கலாம், நடுப்பக்கம் கிழிக்கப்பட்டிருக்கும். கிழிந்த அந்த இதழ்களில்தான் நான் முதன்முதலாக இந்திய ஆங்கிலக் கவிதை படித்தேன். கவிதையை யாரும் கிழிப்பதில்லை. 2005-ல் நிர்வாணப் படங்களை நிறுத்தினார்கள். அதற்குள் மாக்ஸிம், ஜிக்யூ எல்லாம் இந்தியப் பதிப்போடு வரும் காலம் ஆகிவிட்டது.

அச்சுமை அண்ணே, உங்கள் கருத்தோடு எனக்கு ஒரு முரண்பாடு. டெபொனேரில் எழுத்து இருந்தது, தேய்ந்தது. பிளேபாயில் எழுத்து இருந்தது, நின்றது. ஆரம்ப கால லோடடில் எழுத்து இருந்தது, மூடினார்கள். எழுத்தை நம்பியவை பிழைத்தன என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அச்சுமை

பழையபிரதி சொல்வது சரி. மாலைவெயில் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவே எனக்குக் குறையாகத் தெரிகிறது. அலி அட்டையைப் புகழ்ந்த நான், மர்லினின் 50 டாலரை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். எழுத்து காப்பாற்றவில்லை. காப்பாற்றியது துணிதான். லூயிஷம் தம்பியின் பதிவில் விடை இருக்கிறது. லோடட், நட்ஸ், எஃப்ஹெச்எம் எல்லாம் பெரும்பாலும் கடையில் வாசகன் எடுத்து நீட்டும் காசை நம்பியிருந்தன. அந்தக் கை வேறு பக்கம் திரும்பியதும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜிக்யூவும் எஸ்குவயரும் சூட், கைக்கடிகாரம், வாசனைத் திரவியம் விற்கிற கம்பெனிகளின் விளம்பரத்தை நம்பின. அந்த விளம்பரக்காரர்கள் நட்ஸ் பக்கமே போக மாட்டார்கள். மென்ஸ் ஹெல்த் உடற்பயிற்சி பக்கம் போய்த் தனி வழி கண்டது. பிரிட்டனில் 2010 வாக்கில் எஃப்ஹெச்எம்மை விற்பனையில் முந்தியது அதுதான்.

ஆக, துணிக்கடையில் பிறந்தவற்றில் துணியை விடாதவை மிச்சம். எஃப்ஹெச்எம் அங்கே பிறந்தும் துணியை விட்டுவிட்டது. இதை ஒத்துக்கொள்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் துணிக்காரர் தரும் பணத்தில் நீண்ட கட்டுரைக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. எஸ்குவயர் இப்போது மாதம் தவறாமல் வருவதுமில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1943-ல் அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் வாக்கர், ஓவியர் வார்கஸ் அதில் வரைந்த பெண் படங்கள் தகாதவை, இந்தப் பத்திரிகையால் பொது நன்மை இல்லை என்று எஸ்குவயரின் சலுகை அஞ்சல் கட்டணத்தை ரத்து செய்தார். வருடத்துக்கு 5 லட்சம் டாலர் கூடுதல் செலவு. பத்திரிகையையே மூடியிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1946-ல் ஒருமனதாகப் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பு வந்தது. எது நல்ல இலக்கியம் என்று தபால்காரர் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் சாரம். அமெரிக்காவில் பத்திரிகை நடத்திய எல்லோருக்கும் அந்தத் தீர்ப்பு பயன்பட்டது. மாலைவெயில் சொன்ன எதிர்ப்பு அப்படிப்பட்டதல்ல. அது அரசு போட்ட தடை இல்லை, தட்டை அடுக்கியவர்கள் கேட்ட மரியாதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

மாலைவெயில்

அந்தக் கடைசி வரிகளுக்கு நன்றி சார். நான் சொல்ல நினைத்தது அதுதான்.

கணியன்93

எனக்கு இப்போதுதான் புரிகிறது. எஸ்குவயரில் ஏதாவது ஒன்றே ஒன்று படிக்க வேண்டுமென்றால் எதைப் படிக்கலாம் ஐயா?

அச்சுமை

1966 ஏப்ரல் இதழில் கே டலீஸ் எழுதிய ஃபிராங்க் சினாட்ரா கட்டுரை. முந்தைய குளிர்காலத்தில் ஆசிரியர் ஹெரால்ட் ஹேய்ஸ் அவரை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தால் சினாட்ராவுக்கு ஜலதோஷம், பேச முடியாது என்றுவிட்டார்கள். டலீஸ் திரும்பி வரவில்லை. சினாட்ராவைச் சுற்றியிருந்தவர்களைத் தேடித்தேடிப் பார்த்தார், ஒரு பார் மூலையில் நின்று சினாட்ராவைக் கவனித்தார். செலவு ஏறக்குறைய 5,000 டாலர் ஆனது. கடைசிவரை உட்கார்ந்து பேச்சே நடக்கவில்லை. ஆனால் படித்து முடிக்கும்போது அந்த மனிதரோடு ஒரு மாதம் இருந்த மாதிரி இருக்கும். பத்திரிகையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கெல்லாம் நான் அதைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

பேட்டியே கிடைக்காத ஒரு ஆளைப் பற்றிய கட்டுரைக்கு 5,000 டாலர் செலவு என்றால் இன்று எந்த ஆசிரியர் கையெழுத்துப் போடுவார்?

லூயிஷம்_கடை

அண்ணை, அந்த அலி அட்டையை ஒரு படம் பிடித்துப் போடுங்கோ. 17 வருசத்தில் அப்படி ஒரு அட்டையை நான் தட்டில் வைத்ததில்லை. மனுசிக்கும் காட்ட வேணும்.

அச்சுமை

நாளைக் காலை வெயிலில் எடுத்துப் போடுகிறேன் தம்பி. முதுகு ஓரம் பூச்சி அரித்திருக்கிறது, அட்டை நன்றாகவே இருக்கிறது.